அக்காவுக்குத் தொற்றிய நொண்டல்

பனி இறங்கிய காலைகளில் ஏரிக்கரைப் பாதையில் எனக்கும் அக்காவுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. எனக்கு அந்த நேரத்துக்கு மட்டும் தெரியாது. ஏரி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ படுத்திருக்கும். மரங்கள் முகத்துக்குக் கிட்டே வந்த பிறகுதான் தாங்கள் மரங்கள் என்று ஒப்புக்கொள்ளும். என் வலது மணிக்கட்டையும் அவளுடைய இடது மணிக்கட்டையும் ஒரு பழைய ஷூ லேஸ் சேர்த்துக் கட்டியிருக்கும். அந்தச் சாண் நீளத்துக்குள்தான் நாங்கள் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருந்தோம்.

கண் தெரியாதவரோடு ஓடுகிறவர் முன்னால் இழுத்துக்கொண்டு போவார் என்று பலர் நினைக்கிறார்கள். இழுத்துக்கொண்டு போக அவள் என்ன தள்ளுவண்டியா? பக்கத்தில் ஓட வேண்டும். கட்டிய கைகள் இரண்டும் ஒன்றாக முன்னே போய் ஒன்றாகப் பின்னே வர வேண்டும். அதற்கு என் வலது காலும் அவள் இடது காலும் ஒரே நேரத்தில் மண்ணைத் தொட வேண்டும். என் இடது காலும் அவள் வலது காலும் அப்படியே. சரியாகப் பொருந்திவிட்டால் நான்கு கால்கள் ஓடும், ஆனால் ஒரே ஆள் ஓடுவதுபோல் கேட்கும். அதைக் கேட்பதற்காகவே நான் விடியுமுன் எழுந்திருப்பேன், இல்லாவிட்டால் என்னைப் படுக்கையிலிருந்து கிளப்ப அம்மாவால்கூட முடியாது.

ஓடும்போது நான் பேச வேண்டிய வார்த்தைகள் கொஞ்சம்தான். மேடு. பள்ளம். தண்ணி. இடது. மற்றதெல்லாம் கயிறு சொல்லிவிடும். அக்கா என்னை ‘இஞ்சின்’ என்பாள், தன்னைப் ‘பெட்டி’ என்பாள். வேலையில் மட்டும் நிலைமை தலைகீழ். அவள் பேருந்து நிறுவனத்தில் விசாரணைத் தொலைபேசியில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே போகும், எங்கே மாற வேண்டும் என்று நாள் முழுக்க ஊருக்கே வழி சொல்கிறவள். நானோ மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு அடுத்தவர்களின் காதை அளக்கிறவள். அக்காவுக்குக் கண் இல்லை, தங்கை கண்ணாடி விற்கிறாள். எங்கள் விதியை எழுதியவர் கொஞ்சம் குறும்புக்காரர்தான்.

குளிர் குறைய ஆரம்பிக்கும்போது நடக்கும் அரை மாரத்தானில் ஓட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. "ஊருல இருக்கிற எல்லாரையும் எங்கெங்கயோ அனுப்பி வைக்கிறேன். நான் மட்டும் அந்த நாற்காலியிலயே இருக்கேன்" என்று ஒருநாள் மூச்சிரைக்கச் சொன்னாள். அன்றைக்கே இருவர் பேரையும் கொடுத்துவிட்டேன். கயிற்றின் அந்த முனையில் அவள், இந்த முனையில் நான். இந்த முனையில் வேறு ஒருவர் இருக்கக்கூடும் என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை.

வலி முதலில் விருந்தாளி மாதிரி வந்தது. ஓட ஆரம்பிக்கும்போது வலது முன்னங்காலின் உட்புறம், எலும்பை ஒட்டி ஒரு கடுகடுப்பு. உடம்பு சூடானதும் போய்விடும். பிறகு ஓடி முடித்ததும் திரும்பி வந்து எட்டிப்பார்த்தது. பிறகு போகவே இல்லை. கடையில் நிற்கும்போதும் படியிறங்கும்போதும் கூடவே இருந்தது. ராத்திரி போர்வை பட்டாலும் சுள்ளென்றது. ஓட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது வருகிற வலிதான். ஓட்டத்தைத் திடீரென்று கூட்டினால் வரும், தேய்ந்த ஷூவில் ஓடினால் வரும். நான் இரண்டையுமே செய்திருந்தேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். என் எலும்பு அம்மியைவிட உசத்தியா என்ன?

அக்காவிடம் சொல்லவில்லை. நான் நின்றால் அவளும் நிற்க வேண்டும். அதுமட்டுமில்லை, கயிற்றின் என் முனையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. கண் தெரியாதவளிடம் ஒரு நொண்டலை மறைப்பது சுலபம் என்றும் நினைத்தேன். வலது காலை லேசாகத் தொட்டு எடுத்து, பாரத்தையெல்லாம் இடது கால் மேல் போட்டு ஓடினேன். குரலை மட்டும் எப்போதும்போல் வைத்துக்கொண்டேன். "மேடு. பள்ளம். தண்ணி." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள்கூட என்னைவிடக் கொஞ்சம் யோசித்திருப்பாள்.

சில வாரங்களில் அக்கா சாயங்காலம் வந்ததும் வலது காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். கேட்டால் வலிக்கிறது என்றாள். எங்கே என்றால், முன்னங்காலில் என்றாள். பட்ட காலிலே படும் என்கிற பழமொழியில், ஒருத்தி கால் பட்டால் இன்னொருத்தி காலிலும் படும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மறுநாளே அவளைக் கால் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிக்கொண்டு போகிறவளாக மட்டும் போகிறேன் என்பது என் நினைப்பு.

கால் மருத்துவர் என்று நாங்கள் சொன்னாலும் அவர் செய்வது உடற்பயிற்சி சிகிச்சை. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. நீளமான அறை, தரையில் ஒட்டிய மஞ்சள் பட்டை, ரப்பர் வாசனை. கதவருகே இருந்து நாங்கள் உள்ளே நடந்து வருவதைப் பார்த்தவர், அக்காவை விட்டுவிட்டு என்னை உட்காரச் சொன்னார். நோயாளி அவள் என்றேன். தெரியும், முதலில் நீங்கள் உட்காருங்கள் என்றார். பெருவிரலால் என் எலும்பின் உள் ஓரத்தை மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பாதி வழியில் கழன்று விழுந்தது.

அடுத்து அக்காவின் காலைப் பார்த்தார். பிறகு அவளைத் தனியாக மஞ்சள் பட்டை மேல் நடக்கச் சொன்னார். கயிறு இல்லாமல், பக்கத்தில் நான் இல்லாமல் அவள் நடந்தாள். இடது காலை லேசாகத் தொட்டு எடுத்தாள். பாரத்தையெல்லாம் வலது கால் மேல் போட்டாள். அது என் நடை. ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அறை கொஞ்சம் விலகிப் போனது. தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல எல்லாம் மெதுவாக நகர்ந்தது.

"இந்த நொண்டல் இவங்களோடது இல்ல. உங்களோடது. கயிறு வழியாப் போயிருக்கு" என்றார் மருத்துவர்.

அக்கா பட்டையின் முடிவில் நின்றாள். முகம் சுவரைப் பார்த்திருந்தது.

"நொண்டலா அது?" என்று கேட்டாள். "நான் ஏதோ புது மாதிரி ஓட்டம்னு நெனச்சேன். நீ எங்கயோ கத்துக்கிட்டு வந்து ஓடறேன்னு நெனச்சேன். உனக்கு ஈடு குடுக்கணும்னு ஆபீஸ் வராந்தாவுல நடந்து நடந்து பழகினேன்டி."

மருத்துவர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா முதலில் சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். அவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். தலை எங்கே இருக்கிறது என்பதில் அவள் என்றைக்கும் தவறியதில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அக்காவுக்கு ஆரம்ப நிலை. கொஞ்ச நாள் ஓய்வு, புது ஷூ, நடையைத் திருத்திக்கொண்டால் போதும், போட்டிக்கு ஓடலாம். என் எலும்பு விரிசல் விடவில்லை, விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வலி நீளமாகப் பரவியிருப்பது நல்லது, ஒரே புள்ளியில் குத்த ஆரம்பித்தால்தான் ஆபத்து, எனக்கு அந்தப் புள்ளி உருவாகிக்கொண்டிருக்கிறது என்றார் மருத்துவர். போட்டி முடிகிற வரை நான் ஓடக்கூடாது. கெஞ்சிப் பார்த்தேன், கோபப்பட்டுப் பார்த்தேன். வலது காலை விட்டுவிட்டு இடது காலால் மட்டும் ஓட வழி இருந்தால் சொல்லுங்கள் என்றார்.

அப்போது அக்கா கேட்டாள், வேறு யாராவது தன்னோடு ஓட முடியுமா என்று. ஒரு நொடிகூடத் தயங்காமல் கேட்டாள். இஞ்சின் இல்லாமல் பெட்டி போகாது என்பாள் என்று நான் காத்திருந்தேன். எலும்பில் இருந்த வலி அந்த நிமிஷம் இடம் மாறி நெஞ்சுக்கு வந்தது. குதிகால் வலிக்காக வந்துகொண்டிருந்த ஒரு தபால்காரர் இப்போது குணமாகி நன்றாக ஓடுகிறார், கேட்டுப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். கேட்கலாமே என்றாள் அக்கா.

பிறகு வந்த வாரங்கள் எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. எல்லாம் ஒரே நீண்ட மதியத் தூக்கமாகத்தான் இருக்கிறது. கடையில் உட்கார்ந்து வேலை செய்ய உயரமான ஸ்டூல் கொடுத்தார்கள். வீட்டில் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை முன்னங்காலில் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருப்பேன். முதலில் குளிரும், பிறகு எரியும், பிறகு அந்தக் கால் எங்கோ தூரத்தில் இருக்கிற யாருடைய காலோ ஆகிவிடும். அந்த மரத்துப்போன நேரத்தில் கூரையில் பனி இறங்கும், நான் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருப்பேன். அம்மா வந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போவாள். ராத்திரி சாப்பாட்டில் பட்டாணி இருக்கும். உன் காலையே நீ சாப்பிடுகிறாய் என்று அக்கா சொல்லுவாள்.

மருத்துவர் சொன்னபடி சமையலறைத் திண்டைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். தரையில் விரித்த துண்டைக் கால் விரல்களால் சுருட்டினேன். கெண்டைக்காலைச் சுவரோரம் நீட்டி இழுத்தேன். ஓடத் தெரிந்தவளுக்கு நிற்கக் கற்றுக்கொடுப்பது போல இருந்தது. எனக்குப் பொறுமை கிடையாது என்பது குடும்பத்துக்கே தெரியும். துண்டை எத்தனையோ முறை எட்டி உதைத்திருக்கிறேன், உதைத்த கால் வலித்துத் திரும்ப எடுத்துப் போட்டிருக்கிறேன்.

அக்காவின் ஓய்வு நாட்களில் இருவரும் நீச்சல் குளத்துக்குப் போனோம். நெஞ்சளவு தண்ணீரில் நடக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். அங்கேயும் கயிறு கட்டிக்கொண்டோம். தண்ணீருக்குள் காலடிச் சத்தம் கிடையாது, எடை கிடையாது, வலி கிடையாது. கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் இறங்கி எங்கள் மேல் நெளிந்தது. கனவில் ஓடுகிறேன் என்றேன் அக்காவிடம், தினமும் ஓடுகிறேன், கால் உதறி முழித்துக்கொள்கிறேன் என்றேன். உன் கனவில் என்ன இருக்கும் என்று அதுவரை நான் அவளைக் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"தரை இருக்கும்" என்றாள். "காலுக்குக் கீழ தரை வந்துக்கிட்டே இருக்கும். பக்கத்துல நீ மேடு பள்ளம்னு கத்திக்கிட்டே வருவே. கனவுலகூட உனக்கு வாய் ஓயாது."

அவளுடைய ஓய்வு முடிந்த வாரமே தபால்காரர் வந்தார். நெட்டையான மனிதர். வாழ்நாள் முழுக்க நாய்களிடமிருந்து ஓடிப் பழகியவர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். கயிற்றை அவர் மணிக்கட்டில் மாட்டிவிட்டது நான்தான். என் கையாலேயே மாட்டினேன். எந்தக் காலோடு எந்தக் கால் என்று விளக்கினேன். வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தேன். முதல் பள்ளத்தில் அவர் "பாத்து, பாத்து" என்று பதறினார். எதைப் பார்ப்பது என்று அக்கா கேட்க, அவர் மன்னிப்பு கேட்டுக்கொண்டே அடுத்த பள்ளத்தில் தானே கால் வைத்தார். எனக்கு அற்ப சந்தோஷம். அந்தச் சந்தோஷம் அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு விடியற்காலையில் ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தேன். இருவரும் பனிக்குள் போவார்கள். உருவம் முதலில் கரையும், பிறகு சத்தம் கரையும். ஆரம்பத்தில் அந்தச் சத்தம் தாறுமாறாக இருந்தது, என் நொண்டல் அவளுக்குள் இன்னும் மிச்சமிருந்தது. நாளாக நாளாக அது சமமானது. ஒருநாள் ஒரே ஆள் ஓடுவதுபோல் கேட்டது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். பொறாமைதான், வேறு என்ன பெயர் வைப்பது? அவளுக்கு நல்லது நடக்கிறது என்று தெரிந்தும் பொறாமை.

போட்டியன்று முடிவுக் கோட்டருகே துண்டோடு நின்றேன். அன்றும் பனி. ஆட்கள் வெள்ளைக்குள்ளிருந்து திடீர் திடீரென்று வந்து கோட்டைத் தாண்டினார்கள். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எத்தனையோ கால்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு சத்தம், துளி கோணல் இல்லாமல், கனத்திலும் இடைவெளியிலும் ஒரே சீராக வந்தது. கண்ணைத் திறக்குமுன்பே அக்கா என்று தெரிந்துவிட்டது. தபால்காரர் போட்டி விதிப்படி கடைசியில் அரையடி பின்வாங்கி, அவளை முதலில் கோட்டைத் தாண்ட விட்டார். அவள் இரண்டு கையையும் தூக்கினாள், கயிற்றில் அவர் கையும் சேர்ந்து மேலே போனது. நான் ஓவென்று அழுதேன். அதில் எவ்வளவு மகிழ்ச்சி, எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் கால் குணமாகிவிட்டது என்றார் மருத்துவர். முதலில் நடங்கள், பிறகு நடையும் ஓட்டமுமாகக் கலந்து போங்கள், வலித்தால் நிறுத்துங்கள் என்றார். வலிக்கவில்லை. ஆனாலும் வலது கால் மண்ணைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்களே, என் காலுக்கு இப்போது சாக்குகூட இல்லை, வெறும் பயம். கடையில் எந்த முகத்துக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்காது. கண்ணாடிச் சட்டத்தில் காதில் மாட்டும் காம்பைச் சூடாக்கி, அந்தக் கோணலுக்கு ஏற்ப வளைத்து, கண்ணாடியை நேராக உட்கார வைத்துவிடுவேன். என் காலை எதில் சூடாக்கி வளைப்பது என்று தெரியவில்லை. அக்காவோடு ஓட மறுத்தேன். மறுபடி அவளுக்குத் தொற்றிவிடும் என்றேன். தபால்காரர் நன்றாகத்தானே ஓடுகிறார் என்றேன். குரலில் கொஞ்சம் புளிப்பு இருந்திருக்கும்.

ஒரு காலையில் அவள் ஷூ லேஸோடு என் படுக்கைக்கு வந்தாள். எழுந்திருக்கச் சொன்னாள். ஏரிக்கரை வரை நடந்தோம். பனி வழக்கம்போல் ஏரியை எடுத்து ஒளித்து வைத்திருந்தது. கயிற்றை அவளே என் மணிக்கட்டில் மாட்டினாள்.

"கண்ண மூடிக்க" என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்து ஏரிக்குள் போவதற்கா என்று கேட்டேன். இந்தப் பாதை உன்னைவிட எனக்குத் தெரியும், ஓரத்தில் சரளை, நடுவில் மண், உன் கண் எந்தக் காலத்தில் காலுக்கு வழி காட்டியது என்றாள். அப்புறம் சற்றுத் தணிந்த குரலில் சொன்னாள்.

"அவர்கூட ஓட எதுக்கு அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டேன்னு நெனச்ச? ஓட்டம் மட்டுமாடி? நீயும் நொண்டற, நானும் நொண்டறேன். நம்ம ரெண்டு பேருல யாராவது ஒருத்தர் வெளிய போய் நேரா ஓடக் கத்துக்கிட்டு வரணும்ல. உன்கிட்ட இருந்து எனக்கு வந்த மாதிரி என்கிட்ட இருந்து உனக்கு வரும். வா."

கண்ணை மூடினேன். வெள்ளை போய் இருட்டு வந்தது. கயிறு மெல்ல அசைந்தது, நடந்தோம், பிறகு அவள் ஓட ஆரம்பித்தாள். என் வலது கால் பழையபடி தொட்டு எடுத்தது. கயிறு சுண்டியது. அவள் மாறவில்லை, அவளுடைய இடது கால் முழுசாக இறங்கியது, அதே கனத்தில் வலது கால் இறங்கியது. மறுபடி சுண்டியது. வலிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலை முழுசாக வைத்தேன். தரை இருந்தது. மறுபடி வைத்தேன், தரை வந்துகொண்டே இருந்தது.

"மேடு" என்றாள் அக்கா.

மேடு வந்தது, ஏறினோம். "பள்ளம்" என்றாள், இறங்கினோம். கயிறு சுண்டுவதை எப்போது நிறுத்தியது என்று நான் கவனிக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டேன். அந்தப் பனிக்குள் ஒரே ஒரு ஆள்தான் ஓடிக்கொண்டிருந்தார்.